வெளியாள் கை

ஜனவரி 4

மைதா கம்பெனிக்காரர் வருஷா வருஷம் ஒரு டைரி கொடுப்பார். கல்யாணமானதிலிருந்து அது என் மனைவி பெனிட்டாவுக்குத்தான் போகும். காலையில் எவ்வளவு நீந்தினாள், எவ்வளவு சைக்கிள் மிதித்தாள், எவ்வளவு ஓடினாள் என்று பொடி எழுத்தில் எழுதி வைப்பாள். இந்த வருஷ டைரியையும் கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்தேன். தொடக்கூட இல்லை.

"எழுத என்ன இருக்கு? கட்டில்ல இருந்து கக்கூஸ் வரைக்கும் போனேன்னு எழுதவா?" என்றாள்.

நல்ல தாள், ஓரத்தில் தங்கக் கலர் வேறு. வீணாகப் போக வேண்டாமே என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. கேக் மேல் பிறந்தநாள் வாழ்த்து எழுதுவதோடு சரி.

கிறிஸ்மஸ் வாரத்தில் பேக்கரிக்காரனுக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. அந்த வாரம் முழுக்க அவள் வலது காலை இழுத்து இழுத்து நடந்தாளாம். கடையில் ஓவன் பார்க்கிற செல்லப்பா அண்ணன்கூடப் பார்த்திருக்கிறார். நான் பார்க்கவில்லை. புது வருஷப் பூசை முடிந்து மாதா கோயில் படியில் இறங்கும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் கீறல் என்றார்கள். விழுந்து வந்த கீறல் இல்லை, ஓடி ஓடி வந்தது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் எலும்பே முறிந்திருக்குமாம்.

இப்போது இரண்டு ஊன்றுகோல். வலது கால் தரையில் படக் கூடாது. வீடெல்லாம் டக் டக் என்று சத்தம்.

செப்டம்பர் கடைசியில் சென்னையில் தேசியப் போட்டி. முதல் மூன்று பேருக்குத்தான் இந்திய அணியில் இடம். அவளுக்கு ஷூவும் சம்பளமும் கொடுக்கிற கம்பெனி, அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேசுவோம் என்று சொல்லிவிட்டது. செப்டம்பருக்குள் எலும்பு கூட வேண்டும், அவள் ஓட வேண்டும். நான் கேட்காமலே டாக்டர் சொன்னார், "சொல்ல முடியாது" என்று.

ஜனவரி 9

மறுபடி மதுரை. டாக்டர் எலும்பைப் பற்றிக் கேட்பார் என்று போனால் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறார். காலையில் என்ன சாப்பிடுவீங்க? ரெண்டு இட்லி. அதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் பயிற்சி? நாலு மணி நேரம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"உடம்பு கேக்குறதுல பாதிகூட நீங்க போடலம்மா. அதுவும் எத்தன நாள் பொறுக்கும்? எலும்புலருந்து எடுத்துக்கிச்சு."

பிறகு மாதாமாதம் வருவதைப் பற்றிக் கேட்டார். பெனி சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒரு வருஷத்துக்கு மேல் இல்லை என்றாள். எனக்கு எதுவும் காதில் விழாத மாதிரி, மூலையில் தொங்கிய பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தூத்துக்குடியில் பாதிப் பேர் என் கடை ரொட்டியில்தான் காலையில் கண் விழிக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் டப்பா டப்பாவாக மக்ரூன் வாங்கிப் போகிறார்கள். ஊருக்கே தின்னக் கொடுக்கிறவன் வீட்டில் ஒருத்தி பட்டினி கிடந்து எலும்பைத் தின்றிருக்கிறாள்.

ஜனவரி 10

இன்று யாரோடும் பேசவில்லை. செல்லப்பா அண்ணனோடு மட்டும் ஓவன் சூட்டுக்காக ஒரு சண்டை.

ஜனவரி 17

பொங்கல் முடிந்து வியாபாரம் மந்தம். டைரி என்றால் பழைய கதையெல்லாம் எழுதுவார்களாம். எழுதுகிறேன்.

இந்த ஊரில் விடியும் முன்னே விழித்திருப்பது ரொட்டி போடுகிறவனும் கடலுக்குப் போகிறவர்களும்தான். மூன்றாவதாக ஒரு பெண் தினமும் கடை வாசலைத் தாண்டித் தலைதெறிக்க ஓடினாள். எவனோ விரட்டுகிறான் என்று நினைத்து, ஒரு நாள் ஓவனில் தட்டு இழுக்கிற நீளக் கம்பியோடு வெளியே பாய்ந்து அவள் பின்னாலேயே ஓடினேன்.

"ஆரு விரட்டுதா?" என்று கேட்டேன்.

"நீங்கதான்," என்றாள்.

அவள் அப்பா சங்கு குளிக்கிறவர். நடக்கப் பழகின கையோடு நீந்தப் பழகியவள். விளையாட்டு விடுதியில் சேர்ந்து, நீச்சலில் மாநில அணி வரைக்கும் போனாள். இருபது வயதில் தோள்பட்டைச் சவ்வு கிழிந்தது. நீந்தக் கூடாது என்றார்கள். சும்மா கிடக்க முடியாமல் தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்பளத்து ரோட்டில் சுற்றினாள். சைக்கிளைத் தம்பி பிடுங்கிக்கொண்ட நாளில் ஓடினாள். தோள் சரியானபோது கையில் மூன்று விளையாட்டு இருந்தது. மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் உட்காராமல் செய்கிற கிறுக்குத்தனத்துக்கு டிரையத்லான் என்று பெயராம். தயாளன் சார் என்று சென்னையில் ஒரு கோச், அவளைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். இந்தியா பனியன் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வெளிநாடு போய் வந்தாள்.

தோள் போனதால் கால் வந்தது. இப்போது கால் போயிருக்கிறது, இனி எது வரும் என்று இன்று கேட்டேன்.

"தொப்பை," என்றாள். அடிபட்ட பிறகு அவள் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

பிப்ரவரி 2

மக்ரூனுக்கு முட்டையின் வெள்ளைக் கரு மட்டும் போதும். சீனி சேர்த்து அடித்து நுரைக்க வைத்து, முந்திரித் தூளைக் கலப்போம். மஞ்சள் கரு வாளி வாளியாக மிஞ்சும். இத்தனை வருஷம் அதை ஓட்டல்காரருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவருக்குக் குறைத்துவிட்டேன். பெனிக்கு ஆம்லெட், பெனிக்கு கஸ்டர்ட், பெனிக்கு முட்டை போட்ட ரொட்டி. முதலில் மூஞ்சியைச் சுளித்தாள். இப்போது தட்டை நீட்டுகிறாள்.

ஏழு மணி வரை தூங்குகிறாள். மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிடுகிறோம். சாயங்காலம் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டுக் கல்லாவில் உட்காருகிறாள். பன் வாங்க வருகிறவர்கள் அவளோடு பேசிவிட்டுக் கேக்கும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். வீடு வீடாக இருக்கிறது.

தயாளன் சார் போன் பண்ணினார். தூங்குகிறாள் என்றேன். தூங்கத்தான் போகிறாள், இன்னும் கொஞ்ச நேரத்தில்.

பிப்ரவரி 19

ஸ்கேனில் கீறல் மூடிக்கொண்டு வருகிறதாம். ஒரு ஊன்றுகோலை விட்டுவிடலாம். நல்ல செய்திதான். சீலா மீன் வாங்கினேன்.

சைக்கிளைச் சுவரோடு ஸ்டாண்டில் மாட்டி மிதிக்கலாமா என்று கேட்டாள். டயரில் காற்று இல்லை என்றேன். பம்ப் எங்கே என்றாள். தேட வேண்டும் என்றேன்.

மார்ச் 5

சாம்பல் புதன். தபசு காலம் தொடங்குகிறது. சின்ன வயதிலிருந்து நாற்பது நாளும் ஒரு வேளைதான் சாப்பிடுவாளாம், இந்த வருஷமும் அப்படித்தான் என்று காலையில் சொன்னாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. கையில் இருந்த மாவுத் தட்டைக் கீழே போட்டுவிட்டேன்.

"நீ வருஷம் பூரா தபசு இருந்து முடிச்சிட்ட. ஆண்டவருக்கே அது ஜாஸ்தி," என்றேன்.

கீழே கிடந்த மாவையும் என்னையும் பார்த்தாள். பிறகு நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்து மூன்று தோசை சாப்பிட்டாள்.

மார்ச் 23

பிசியோ ஷமீமா இன்று அவளை நீச்சல் குளத்தில் இறக்கினார். கால் நடுவே ஒரு மிதவையை இடுக்கிக்கொண்டு கையால் மட்டும் நீந்த வேண்டும்.

"வலிச்சா சொல்லணும். வலிக்கலன்னு பொய் சொன்னா உங்க வீட்டுக்காரர்ட்ட போட்டுக் குடுத்துருவேன்," என்றார் ஷமீமா.

"அவருட்ட சொல்லாதிய, குளத்து தண்ணிய எறச்சிருவாரு," என்றாள் பெனி.

நான் கரையில் துண்டோடு நின்றேன். எனக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தால் இறங்க மாட்டேன். அவள் சுவரைத் தொட்டுத் திரும்பினாள், திரும்பினாள், திரும்பிக்கொண்டே இருந்தாள். வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். கல்லாவில் உட்கார்ந்திருந்த இரண்டு மாதமும் அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. அது இல்லாததே எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 12

பத்தரை மணிக்கு வீட்டிலிருந்து போன். "வரும்போது மருந்துக் கடையில ஒண்ணு வாங்கிட்டு வாங்க," என்றாள். என்ன என்று கேட்டேன். சொன்னாள். ஒரு வருஷத்துக்கும் மேலே ஆகிறது அதை வாங்கி.

"நெசமாவா?" என்று கத்திவிட்டேன்.

கடைக்கு வந்த எல்லோருக்கும் ஆளுக்கொரு மக்ரூன் சும்மா கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார்கள். சந்தோஷம் என்றேன். பேக்கரிக்காரனுக்குச் சந்தோஷம் வந்தால் ஊர் என்ன நினைக்கும்? சாயங்காலத்துக்குள் மாமியார் கொழுக்கட்டையோடு வந்து இறங்கிவிட்டார். "எத்தன மாசம் மருமவனே?" என்கிறார். செல்லப்பா அண்ணன் தொட்டிலுக்குத் தேக்கா வேம்பா என்று ஆரம்பித்துவிட்டார். இல்லை, இது வேறு என்று சொன்னால், வேறு என்ன என்பார்கள். என்னத்தைச் சொல்ல?

பெனி கொழுக்கட்டையைத் தின்றுகொண்டே அழுகிற அளவுக்குச் சிரித்தாள். கடைசியில் அவளே மாமியார் காதில் சொன்னாள். மாமியார் என்னைப் பார்த்த பார்வையில் இனி ஒரு மாதம் அவர் தெருப்பக்கம் போக முடியாது.

மே 20

துறைமுக ரோட்டில் முதல் ஓட்டம். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை என்று மாற்றி மாற்றி. நான் பின்னால் ஸ்கூட்டரில் போனேன். "உங்க புகையில நான் செத்துருவேன்," என்று முன்னால் போகச் சொன்னாள். முன்னால் போனால் அவளைப் பார்க்க முடியாதே. திரும்பித் திரும்பிப் பார்த்து ஒரு உப்பு லாரியில் மோதப் போனேன்.

இந்த முறை ஓடும்போதும் சாப்பிட்டாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கடையில் ஜெல் என்று ஒன்று விற்கிறது, வாயில் வைத்தால் பசை மாதிரி. நானே செய்தேன். உடன்குடிக் கருப்பட்டியைக் காய்ச்சி, உப்பு போட்டு, எலுமிச்சை பிழிந்து, கடை மிஷினில் விரல் நீளப் பாக்கெட்டாக ஒட்டினேன். முதலில் செய்தது கல்லாகிவிட்டது. அடுத்தது கசிந்து அவள் உடுப்பெல்லாம் எறும்பு. அதற்கடுத்தது சரியாக வந்தது. பல்லால் முனையைக் கடித்து உறிஞ்சினால் போதும்.

ஜூன் 15

கடைக்குப் பின்னால் இருக்கிற முற்றத்தில் பயிற்சி. நீந்தி வந்த ஈரத்தோடு ஹெல்மெட்டை மாட்டி, சைக்கிளை எடுத்து, ஓடிக்கொண்டே ஏற வேண்டும். ஷூவுக்குள் பவுடர் கொட்டி வைத்திருக்கிறாள், ஈரக்கால் வழுக்கி உள்ளே போக. சைக்கிள் சாய்ந்தது, நான் பிடித்தேன்.

"பிடிக்கக் கூடாது," என்றாள்.

"விழுதுல்லா?"

"விழட்டும். போட்டியில வெளியாள் கை பட்டா அவ்வளவுதான், நம்மள வெளிய அனுப்பிருவாவ. தண்ணிகூட அவிய வச்சிருக்க எடத்துல, அவிய ஆளுக தந்தாத்தான் வாங்கணும்."

"நான் வெளியாளா?"

"வீட்ல இல்ல. ரோட்டுல வெளியாள்."

இப்படி ஒரு விதியை எழுதியவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது.

ஜூலை 20

மண்டபம் கடற்கரையில் ஒரு சின்னப் போட்டி. செப்டம்பருக்கு முன்னால் ஒரு ஒத்திகை மாதிரி. தயாளன் சார் சொல்லி அனுப்பினார்.

கடலிலிருந்து முதல் ஆளாக வந்தாள். சைக்கிளில் இரண்டாவது. ஓட்டம் பாதிக்கு மேல் நன்றாகத்தான் போனது. கடைசித் திருப்பத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். வரும்போதே முகம் சுருங்கியிருந்தது. வலது கை இடுப்புக்குப் போனது. அதே வலது பக்கம், அதே இடம். நான் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தேன். கொஞ்சம் பக்கத்தில் போய்க் கொடுத்தேன். உடனே விசில் ஊதிவிட்டார்கள். பெயரை அடித்துவிட்டார்கள்.

வெயிலில் ஓடுகிறவளுக்கு ஒருவன் தண்ணீர் கொடுத்தால் அதற்குத் தண்டனையா? மனசாட்சி இல்லாதவர்கள். விதியெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு எங்கே ஞாபகம் இருக்கும்?

வரும் வழியெல்லாம் காரில் அவள் பேசவில்லை. சாயல்குடியில் டீ குடிக்கிறாயா என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள். நான் மட்டும் குடித்தேன். டீ நன்றாக இல்லை.

ஜூலை 21

தண்ணீர்தான் கொடுத்தேன்.

ஜூலை 27

பனிமய மாதா திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டது. ஊரே கடைத்தெருவில்தான் நிற்கிறது. ஓவன் அணைவதே இல்லை. பெனி காலையில் பயிற்சி முடித்துவிட்டுக் கல்லாவுக்கு வருகிறாள். வருகிறவர்களிடமெல்லாம் சிரிக்கிறாள். செல்லப்பா அண்ணனின் மூட்டுவலிக்கு வைத்தியம் சொல்கிறாள். என்னிடம் "சில்லறை" என்கிறாள், "மைதா தீருது" என்கிறாள். வேறு ஒன்றும் இல்லை.

நேற்று வேண்டுமென்றே சாம்பாரில் உப்புப் போடாமல் வைத்தேன், திட்டவாவது செய்வாள் என்று. அவளே எழுந்து போய் உப்பு எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஆகஸ்ட் 5

மாதா பவனி முடிந்தது. கடையில் ஒரு பன்கூட மிச்சமில்லை. செல்லப்பா அண்ணன் வீட்டுக்குப் போனார். நான் நாளைக்கு வேண்டிய மாவைச் சலித்துக்கொண்டிருந்தேன். பெனி வந்து மைதா மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"தண்ணி குடுத்ததுக்கா நான் பேசாம இருக்கேன்னு நெனைக்கீய?" என்றாள்.

"பின்ன?"

"தண்ணிய நான் வாங்கவே இல்லயே. கையப் பிடிச்சு நிறுத்துனீயல்லா? 'போதும் பிள்ள, வீட்டுக்குப் போவோம்'னு சொன்னீயல்லா?"

நான் மாவு சலித்தேன். சலித்த மாவையே மறுபடி சலித்தேன்.

"நீ இடுப்புல கை வச்ச," என்றேன்.

"எதுக்கு வச்சேன்னு தெரியுமா? உங்க கருப்பட்டிப் பாகு. பாக்கெட்ட அங்கதான் சொருகி வச்சிருந்தேன். ஆறு மாசமா தின்னு தின்னுன்னு உயிர எடுத்தீய. அன்னைக்கு நானாவே ஓட்டத்துல தின்னப் போனேன், கையப் பிடிச்சிட்டீய."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்தப் பாக்கெட்டை ஒட்டியதே நான்தான். அவள் விடுவதாக இல்லை.

"நான் வீட்லயே கெடந்தா உங்களுக்குப் பிடிச்சிருக்கு. கோச் போன் பண்ணுனா தூங்குதான்னு சொன்னீய. பம்பு மைதா மூட்டைக்குப் பொறத்தாலதான் இருந்துச்சு, நான் அன்னைக்கே பாத்துட்டேன்."

"பாத்தும் ஏன் கேக்கல?"

"எனக்கும் பிடிச்சிருந்துச்சு. ஏழு மணி வரைக்கும் தூங்கி, உங்க கூட உக்காந்து தின்னு. அதான் எனக்குப் பயம். உங்கள மாதிரி நானும் போதும்னு நெனச்சிருவேனோன்னு."

இதற்குமேல் மாவு சலிக்க முடியவில்லை. சல்லடையைக் கீழே வைத்தேன். "கோயில் படியில நீ உக்காந்தப்ப உன் மூஞ்சியப் பாத்தேன்லா," என்றேன். "அதுக்கு முந்தி ஒரு வாரமா நீ நொண்டுனத நான் பாக்கவே இல்ல. ஊரு பாத்துச்சு, நான் பாக்கல. இனிமே ஒண்ணையும் பாக்காம விட்றக் கூடாதுன்னு நிக்கேன் பிள்ள. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. ரெண்டு பேரும் பயந்துட்டு நின்னா ஆரு ஓடுதது?"

அழுதாளா என்று தெரியவில்லை. நான் அழுதேன். மாவுக் கையால் துடைத்ததில் முகமெல்லாம் மாவு. அதைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள்.

"சென்னைக்கு வருவீயளா?" என்றாள்.

"நான் வேண்டாம். இங்கேயே இருக்கேன்."

"வரணும். வந்து சும்மா நிக்கணும். உங்களால முடியாதது அது ஒண்ணுதான். எனக்காக அதச் செய்யுங்க."

ஆகஸ்ட் 6

அவள் கேட்காமலே இரண்டு டயருக்கும் காற்றடித்தேன். தயாளன் சாருக்கு நானே போன் போட்டேன். "சொல்லுங்க ஆசீர், பெனிட்டா தூங்குறாங்களா?" என்றார். இந்த மனுஷனுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 31

இன்று சைக்கிளும் ஓட்டமும் சேர்த்துப் பெரிய பயிற்சி. போனாள், வந்தாள். தூக்குச் சட்டி நிறைய பிரியாணி தின்றாள். நான் கடையை விட்டு நகரவில்லை. மூன்று தட்டு ரொட்டி கருகியது.

செப்டம்பர் 27

சென்னை. கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். ஊரிலிருந்து அரிசி, குக்கர், முட்டை எல்லாம் கொண்டு வந்துவிட்டேன். லாட்ஜ்காரர் சமைக்கக் கூடாது என்றார். ஒரு டப்பா மக்ரூன் கொடுத்தேன். அவருடைய அடுக்களையையே திறந்துவிட்டார்.

ஷமீமா போனில், எலும்பு நன்றாக இருக்கிறது, இனி அவள் பாடு என்றார். பெனி ஷூவுக்குள் பவுடர் கொட்டி, ஹெல்மெட்டைத் துடைத்து, கருப்பட்டிப் பாக்கெட்டுகளை எண்ணி வைத்துவிட்டுப் படுத்தாள்.

"முடிஞ்சதும் எனக்கு மக்ரூன் வேணும். உங்க பாக்கெட்டுல வச்சுக்கிடுங்க," என்றாள்.

"முடிஞ்சதுக்கு அப்புறம் குடுக்கலாமா?"

"கோட்டத் தாண்டிட்டா நீங்க வெளியாள் இல்ல."

செப்டம்பர் 28

ஊருக்குத் திரும்புகிற ரயிலில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. ரயில் மேல் பழி போட்டுக்கொள்ளலாம்.

காலையில் கடல் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அத்தனை நீச்சல் தொப்பிகளும் அலைக்குள் போய்விட்டன. நான் கடலையே பார்க்கவில்லை, பக்கத்தில் கடலை விற்கிறவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கத்தல் கேட்டுத் திரும்பினால் நான்காவது ஆளாக மணலில் ஓடி வருகிறாள். ஹெல்மெட், அதன் கொக்கி, சைக்கிள். சாயவில்லை. சாய்ந்திருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

சைக்கிளில் மூன்றாவது இடத்துக்கு வந்தாள். ஓட்டம் தொடங்கியபோது வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. முன்னால் போன இரண்டு பெண்களும் கைக்கு எட்டாத தூரம். பின்னால் வந்த ஒருத்தி ஒவ்வொரு சுற்றிலும் பெனியை நெருங்கினாள். உயரமான பிள்ளை, வயதும் குறைவு. தயாளன் சார் எனக்குப் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்தார்.

கடைசிச் சுற்று. நான் நின்ற இடத்துக்குச் சற்று முன்னால் பெனியின் ஓட்டம் குறைந்தது. முகம் சுருங்கியது. வலது கை இடுப்புக்குப் போனது.

அதே பக்கம். அதே இடம்.

பாகுதான், பாகுக்காகத்தான் என்று எனக்குள்ளேயே சொன்னேன். ஆனால் கை போனது, அங்கேயே நின்றது. எடுக்கவில்லை. ஒரு எட்டு வைத்தாள், இன்னொரு எட்டு வைத்தாள், கை இடுப்பிலேயே இருக்கிறது. கால் லேசாக இழுக்கிற மாதிரியும் எனக்குத் தெரிந்தது. கோயில் படி ஞாபகம் வந்தது. கையை நீட்டினால் அவள் தோள் எனக்கு எட்டும். என் இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டு இறுக்கிக்கொண்டேன். என் கை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடப் பார்த்தது. பல்லைக் கடித்ததில் தாடை இப்போதும் வலிக்கிறது.

அவள் என்னைப் பார்த்தாள்.

"போ பிள்ள," என்றேன். அதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே தெரியவில்லை.

உடுப்பில் ஒட்டிக்கொண்டிருந்த கருப்பட்டிப் பாக்கெட்டைப் பிய்த்து எடுத்தாள். முனையைப் பல்லால் கடித்துத் துப்பினாள். உறிஞ்சிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள். இந்த முறை கசிந்து ஒட்டும்படி செய்தவன் நான்தான். மிஷின் சூட்டைக் கூட்டி வைக்க வேண்டும்.

உயரமான பிள்ளையும் என்னைத் தாண்டிப் போனாள். அவளுடைய மூச்சுச் சத்தம் பெனியைவிட அதிகமாக இருந்தது. அவள் வீட்டில் யார் அவளுக்குச் சோறு போடுகிறார்கள் என்று ஒரு யோசனை வந்தது, அந்த நேரத்திலும்.

முடிவுக் கோட்டுப் பக்கம் ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் மைக்கில் பெயர் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது, தூத்துக்குடி பெனிட்டா. தயாளன் சார் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார். எனக்குக் குதிக்க வரவில்லை.

பெனி மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், "வலியில்ல, சத்தியமா வலியில்ல," என்றாள். பிறகு கையை நீட்டினாள். "குடுங்க."

பேண்ட் பாக்கெட்டிலிருந்து மக்ரூன் கவரை எடுத்தேன். ஒன்றுகூட முழுசாக இல்லை. நான் இறுக்கிய இறுக்கில் அத்தனையும் பொடிப் பொடியாகிவிட்டது. பிளாஸ்டிக் கவருக்குள் வெள்ளையாகத் தூள் மட்டும்தான்.

"வேற எடுத்துட்டு வாரேன், பையில ஒரு டப்பா இருக்கு," என்றேன்.

அவள் கவரை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்து வாய்க்குள் மொத்தத்தையும் கொட்டிக்கொண்டாள். மூக்கு, கன்னம், பதக்கம் போடப் போகிற கழுத்து எல்லாம் தூள்.

"இதுவரைக்கும் நீங்க போட்டதுலயே இதான் நல்லாருக்கு," என்றாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டேன். யாரும் விசில் ஊதவில்லை.